சளிப் பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

 

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு மெலிகிறது. டாக்டர் சளிப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே கிடக்கிறது. டிபி என்று வந்துவிட்டால் பெண் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோவார்களே என்கிற பயம். நம் டிரஸ்டுக்கு வருகிற குடும்பங்களில் இதைப் பலமுறை பார்த்துவிட்டோம். அதனால், சளி டப்பா லேபுக்குள் போன பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று இன்று சொல்கிறோம்.

டிபி கிருமி ஒரு சின்னக் குச்சி மாதிரி இருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். மைக்ராஸ்கோப் வந்து இருநூறு வருடம் ஆகியும் இதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. காரணம், இதன்மேல் சாயம் ஏறாது. சாயம் ஏறாத கிருமி, கண்ணாடிச் சில்லில் தண்ணீரோடு தண்ணீராகத் தெரியாமல் போய்விடும். ஜெர்மனியின் ராபர்ட் கோக் புதிய சாயமுறை ஒன்றைக் கையாண்டு, 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இதை அறிவித்தார்.

ஏன் சாயம் ஏறவில்லை? நம் உடம்புச் செல்லுக்குள் கரு என்று ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்குக் கரு கிடையாது. மரபுப் பொருள் நூல்கண்டு மாதிரி உள்ளே சும்மா கிடக்கும். அதைச் சுற்றி ஒரு சவ்வு, சவ்வுக்கு வெளியே ஒரு சுவர். டிபி கிருமியின் சுவரில் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு அடர்த்தியாக இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் தறி வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்: மெழுகு பட்ட துணியில் சாயம் பிடிக்குமா?

ஆகவே லேபில் சளியைச் சில்லில் தடவி, காயவைத்து, சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சூடு காட்டுகிறார்கள். சூட்டில் சாயம் உள்ளே போய்விடும். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்ற கிருமிகளின் சாயம் போய்விடும். மெழுகுக்குள் சிக்கிய சாயம் போகாது. கடைசியில் நீலச் சாயம். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள். அதுதான் டிபி.

ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் இப்படிக் கண்ணில் படும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. ‘இல்லை’ என்று தவறாக வந்துவிடும். இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகள் இதைவிடக் குறைந்த கிருமியையும் கண்டுபிடிக்கின்றன. அவற்றுக்கும் நெஞ்சிலிருந்து வந்த சளிதான் வேண்டும்.

மருந்தும் அந்தச் சுவரைத்தான் குறிவைக்கிறது. ஐசோனியசிட் மாத்திரை, கிருமி அந்த மெழுகைக் கட்டவிடாமல் தடுக்கிறது. ஆனால் இந்தக் கிருமி மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாக ஒரு நாள் போல ஆகும். சில கிருமிகள் அசையாமல் பதுங்கியும் கிடக்கும். ஆறு மாதம் மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு, மருந்துக்குக் கட்டுப்படாத டிபி வர வாய்ப்பு உண்டு. மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது ரத்தம் அல்ல, ரிஃபாம்பிசினின் நிறம். ரமலானில் நோயாளிக்கு நோன்பைத் தள்ளிவைக்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையைத் தாமாக விட வேண்டாம்.

வீட்டை விட்டு அனுப்ப வேண்டுமா என்று கேட்கிறார்கள். இதற்குப் பதில் நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. 1959-இல் இந்த முடிவு வெளியானபின் உலகமே வீட்டு சிகிச்சைக்கு மாறியது. இது இருமும்போது காற்றில் பரவுகிற நோய். ஒரே சஹனில் சாப்பிட்டதால் பரவாது. தட்டைத் தனியே வைத்து மனதை நோகடிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கூட இருப்பவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது.

காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போய், ஆழமாக மூச்சிழுத்து இருமி எடுங்கள். சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வாரமாக இருமல் என்று சொன்னாலே டப்பா தருவார்கள்.