கவுன்சிலிங் அறைக்குள் என்ன நடக்கிறது?



1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் எவரெட் ஷோஸ்ட்ரோம் என்ற உளவியலாளர் ஒரு படம் எடுத்து வெளியிட்டார். கதைப் படம் இல்லை. குளோரியா என்ற ஒரு பெண், மணமுறிவு ஆனவர், மகளை வளர்ப்பவர், மூன்று பெரிய நிபுணர்களிடம் ஒருவர் பின் ஒருவராகத் தம் மனக்குறையைச் சொல்கிறார். கார்ல் ரோஜர்ஸ் பொறுமையாகக் கேட்டார். ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், "பயமாக இருக்கிறது என்கிறாய், ஆனால் சிரிக்கிறாயே" என்கிற விதமாகச் சீண்டினார். ஆல்பர்ட் எல்லிஸ் அவருடைய எண்ணங்களோடு வாதாடினார். ஒரே மனுஷி, ஒரே கவலை. வைத்தியம் மட்டும் மூன்று விதம்.

இதே பரிசோதனையை ஆந்திராவின் நாயுடுபேட்டையில் செய்து பார்ப்போம். வசந்தா என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது நாற்பத்தைந்து. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. தையல் தொழில். கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமில்லை. மெஷினைத் தொட்டு மாதங்கள் ஆகின்றன. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. காளஹஸ்தியில் ராகு கேது பூஜையும் செய்தாயிற்று. "அக்கா, கவுன்சிலிங் போய்ப் பார்க்கலாமா?" என்று தங்கை கேட்கிறாள்.

போகலாம். ஆனால் எந்தக் கவுன்சிலிங்?

வியன்னாவில் ஃபிராய்ட் வகுத்த உளப்பகுப்பாய்வு வழியில் பயின்றவர் என்றால், இன்றைய துக்கத்தின் வேரைப் பழைய காலத்தில் தேடுவார். வசந்தாவின் அப்பா எப்படிப்பட்டவர், சின்ன வயதில் யாரை இழந்தார், கணவர்மேல் சொல்லாமல் வைத்திருந்த கோபம் ஏதாவது உண்டா? இந்த முறை நம் நாட்டுக்கு வெகு சீக்கிரமே வந்துவிட்டது. 1922இலேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். ஃபிராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். தம்மிடம் வரும் இந்தியர்களின் மனம் ஐரோப்பியர்களின் மனம்போலவே இயங்கவில்லை என்று அவருக்கே எழுதும் துணிவும் போஸுக்கு இருந்தது. 1931இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சங்கத்தின் பரிசாகத் தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை போய்ச் சேர்ந்தது. அதை அவர் தம் மேஜைமேல் வைத்துக்கொண்டார். ஆழமான வழிதான். ஆனால் வாரத்துக்குப் பல நாள், வருஷக்கணக்கில் என்று நேரம் கேட்கும் வழி. தினக்கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வருபவருக்கு அது எட்டாது.

ரோஜர்ஸ் வழியில் வருபவர் அதிகம் பேசமாட்டார். முகமூடி இல்லாமல் உண்மையாக இருப்பது, எதிரில் இருப்பவரை நிபந்தனையில்லாமல் மதிப்பது, அவர் இடத்தில் நின்று உணர்வது, இந்த மூன்றும் இருந்தால் மனம் தானாகவே நிமிரும் என்பது அவர் நம்பிக்கை. வசந்தா அழுதால், அழவிடுவார். "தைரியமாக இரு" என்று சொல்லமாட்டார். கேட்க எளிதாக இருக்கிறது; செய்யக் கடினம். துக்க வீட்டில் நாமெல்லாம் ஐந்து நிமிஷத்துக்குள் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம், இல்லையா? ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. நம் மக்கள் கவுன்சிலரிடம் "நீங்களே ஒரு வழி சொல்லுங்க சார்" என்று எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். இதை 1973இலேயே ஜே.எஸ். நேகி என்ற இந்திய மனநல மருத்துவர் குரு–சிஷ்ய உறவோடு பொருத்தி எழுதினார். இந்தியாவில் சிகிச்சையாளர் சற்று உரிமையோடு வழிகாட்டலாம் என்பது அவர் கருத்து. எனக்கும் அதில் உடன்பாடு உண்டு, முதலில் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்வதாக இருந்தால்.

அடுத்து, ஆரன் பெக். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர்தான். 1960களில் பிலடெல்பியாவில் மனச்சோர்வு உள்ளவர்களை ஆராய்ந்தபோது, அவர்களை அழுத்துவது அந்தந்த நேரத்தில் தானாக ஓடும் எண்ணங்கள் என்று கண்டார். "நான் ஒழுங்காகக் கவனித்திருந்தால் அவர் செத்திருக்கமாட்டார்" என்று வசந்தா நினைக்கிறார் என்று வையுங்கள். பெக் வழியில் வருபவர் அதை மறுத்துப் பேசமாட்டார். இரண்டு பேருமாக உட்கார்ந்து சாட்சி பார்ப்பார்கள். டாக்டர் என்ன சொன்னார்? ஆஸ்பத்திரிக்கு எப்போது கூட்டிப்போனீர்கள்? வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? எண்ணங்களை நோட்டில் எழுதிவரச் சொல்வது இந்த முறையின் வழக்கம். எழுதுவது சிரமம் என்றால் வாயால் சொல்லியும் செய்யலாம். நல்ல சிகிச்சையாளர் அதற்குத் தயங்கமாட்டார்.

நான் இன்று அதிகம் சொல்ல விரும்புவது இன்னொரு வழியைப் பற்றி. மனம் சரியானால் வேலைக்குப் போகலாம் என்று நாம் காத்திருக்கிறோம். நடத்தைச் சிகிச்சை இதைத் திருப்பிப் போடுகிறது. முதலில் ஒரு சின்ன வேலை. நாளை காலை பத்து மணிக்கு மெஷினுக்கு எண்ணெய் போடுவது. மறுநாள் ஒரு தலையணை உறை. மாலையில் பக்கத்து வீட்டு வாசலில் பத்து நிமிஷம். செய்தபின் மனம் எப்படி இருந்தது என்று இருவரும் பேசுவார்கள். பிறகு அடுத்த படி.

இது கோவாவில் முறையாகப் பரிசோதிக்கப்பட்டது. சங்காத் என்ற அமைப்பும் விக்ரம் படேலும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை நடத்தினார்கள். சிகிச்சை கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, உளவியல் பட்டம் பெற்றவர்களும் அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர் மனிதர்கள். ஆறு முதல் எட்டு சந்திப்பு, ஒவ்வொன்றும் முப்பது முதல் நாற்பது நிமிஷம். கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில், இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். 2017இல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. நாயுடுபேட்டை, சூளூர்ப்பேட்டை, கூடூர் போன்ற ஊர்களுக்கு இதுதான் பொருந்தும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். திருப்பதியிலிருந்தோ சென்னையிலிருந்தோ நிபுணர் வரட்டும் என்று இந்த ஊர்கள் காத்திருக்க முடியாது. நம் தெருவிலேயே பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுக்க முடியும்.

குடும்பத்தை விட்டுவிட்டு நம் பக்கத்தில் எந்தச் சிகிச்சையும் நிற்காது. திருப்பதி, சித்தூர் வழியாகப் போனால் வேலூர். அங்கே பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் 1957இல் தொடங்கியது. உள்நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் 1950களிலேயே மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களைத் தங்கவைத்தார். நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடும் பழக்கம் இருந்த காலம் அது. கூட இருந்து பார்த்த குடும்பம் திரும்பவும் அழைத்துக்கொண்டு போனது.

இத்தனை வழிகளில் எது உயர்ந்தது? 1936இலேயே சால் ரோசன்ஸ்வெய்க் என்பவர், எல்லா முறைகளும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருகின்றன, அவற்றுக்குள் பொதுவான ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று எழுதினார். பின்னால் வந்த பல ஆய்வுகள் அதில் பெரும்பகுதியை ஆமோதித்தன. சிகிச்சையாளர்மேல் வரும் நம்பிக்கை, இருவரும் சேர்ந்து ஒரு இலக்கை நோக்கிப் போவது, இவை எந்த முறையிலும் தேவை. ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுவிடவும் முடியாது. திரும்பத் திரும்பக் கை கழுவும் நோய்க்கும், லிஃப்ட் ஏறவே நடுங்கும் பயத்துக்கும், பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் முறைதான் தெளிவாகப் பலன் தருகிறது. காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சொல்பவருக்கு மருந்து அவசியம். பேச்சு அதற்குத் துணை நிற்கும்.

ஆகவே வசந்தாவின் தங்கையிடம் நான் சொல்வது இது. முதல் நாளே கவுன்சிலரிடம் கேளுங்கள்: நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், எந்த முறையில் செய்வீர்கள், ஏறக்குறைய எத்தனை தடவை வரவேண்டும், குறைகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வோம்? நல்லவர் இதற்குக் கோபிக்கமாட்டார். அக்காவுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். பாதி நேரமாவது அவர் தனியாகப் பேச விட்டு, வெளியே உட்காருங்கள். அழும்போது எந்த மொழி வருகிறதோ அந்த மொழி தெரிந்தவரைத் தேடுங்கள்.

உடனே போக முடியாதவர்களுக்கு ஒரு எண். குறித்துக்கொள்ளுங்கள்: 14416. டெலி மானஸ் என்ற மத்திய அரசுத் திட்டம், 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். மூன்று மணிக்கு விழிப்பு வந்தாலும் அந்த எண்ணில் ஆள் இருப்பார்கள். மீண்டும் ஒருமுறை: 14416.