கையில் கொடுத்த கடிதம்



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். கதை சொல்லி ஆடும் ஒரு மேசை விளையாட்டு. நான் கதையை நடத்துகிறேன், மற்ற நால்வரும் ஆடுகிறார்கள். கதையில் ஒரு பெண்மணி காணாமல் போயிருக்கிறார். அவருடைய பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கடிதம். வழக்கமாக அந்த இடத்தில் கடிதத்தை நானே வாசித்துவிடுவேன். அன்று வாசிக்கவில்லை. நாலாக மடித்த பழுப்புத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பெட்டியைத் திறந்தவரின் கையில் கொடுத்தேன். அவர் பிரித்துப் படித்தார். மறுபடியும் மடித்தார். யாரிடமும் காட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, மளிகைக் கணக்கு."

அந்தப் பொய்யை நான் எவ்வளவு வர்ணித்திருந்தாலும் வரவழைத்திருக்க முடியாது. வாயால் சொன்னது மேசையில் இருக்கும் எல்லாருக்கும் சொந்தமாகிவிடும். கையில் கொடுத்தது ஒருவருக்குத்தான் சொந்தம். அவர் அதை ஒளிக்கலாம், கிழிக்கலாம், யாரிடம் காட்டுவது என்று முடிவு செய்யலாம். நாடகக்காரர்கள் 'ப்ராப்பர்ட்டி' என்று சொல்லும் இந்தக் கைப்பொருள்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ரோல் பிளேயிங் கேம்' என்னும் இந்த மேசை விளையாட்டில் ஒருவர் உலகத்தையும் நிகழ்ச்சிகளையும் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். பாத்திரம் செய்ய முனைவது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். இந்த வகையில் அச்சில் வந்த முதல் விளையாட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது.

அந்த ஆரம்ப நாட்களிலேயே ஒரு கைப்பொருள் வேலை செய்திருக்கிறது. கைகாக்ஸ் மலிவுக் கடை ஒன்றில் ஹாங்காங்கில் செய்த பிளாஸ்டிக் பொம்மைகளை ஒரு பை வாங்கினார். எந்த மிருகம் என்றே சொல்ல முடியாத உருவங்கள். அவற்றில் ஒன்றுக்கு வால் நுனியில் விசிறி இறக்கை மாதிரி ஏதோ இருந்தது. இது என்ன செய்யும் என்று யோசித்ததில் பிறந்ததுதான் இரும்பைத் துருவாக்கித் தின்னும் 'ரஸ்ட் மான்ஸ்டர்'. வாளையும் கவசத்தையும் நம்பி வருகிற வீரனுக்கு இதைவிடக் கொடிய எதிரி உண்டா? இன்றும் அதே வாலோடுதான் அதைப் புத்தகங்களில் வரைகிறார்கள். கதைக்காகப் பொம்மை செய்யவில்லை, பொம்மையிலிருந்து மிருகமே வந்தது.

கடிதத்துக்கு வருகிறேன். கைப்பொருள் கொடுக்கும் கலையை உயரத்துக்குக் கொண்டுபோனது 1981-ல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுலு' என்ற விளையாட்டு. சாண்டி பீட்டர்சன் எழுதியது. துப்புத் துலக்குவதுதான் அதில் முக்கிய வேலை. 1984-ல் அதற்காக வந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோடெப்' என்ற நெடுங்கதையை இன்றும் உச்சமாகக் கொண்டாடுகிறார்கள். நியூயார்க்கில் ஓர் எழுத்தாளர் விடுதி அறையில் கொல்லப்படுகிறார். அவர் விட்டுச்சென்ற காகிதங்களைத் தொடர்ந்து லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகத்தைச் சுற்ற வேண்டும். கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகள், முகவரி அட்டை என்று ஆடுபவர் கையில் கொடுப்பதற்கென்றே அதில் தாள்கள் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது ஷாங்காய் மதுக்கடை ஒன்றின் பெயர் போட்ட தீப்பெட்டி. "ஒரு தீப்பெட்டி கிடைத்தது, அதில் இப்படி ஒரு பெயர் இருக்கிறது" என்று சொன்னால் துப்பு முடிந்துபோகும். தீப்பெட்டியையே மேசையில் போட்டுப் பாருங்கள். ஒருவர் திறப்பார், ஒருவர் குச்சியை எண்ணுவார், மூன்றாமவர் திருப்பிப் பார்த்து, "ஷாங்காயா?" என்பார். கண்டுபிடித்தது அவர், சொல்லிக்கொடுத்தது யாருமில்லை.

இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1936-ல் டென்னிஸ் வீட்லி 'மர்டர் ஆஃப் மயாமி' என்று ஒரு துப்பறியும் நூலை வெளியிட்டார். நாவலாக இல்லாமல் போலீஸ் கோப்பாகவே அமைந்த நூல் அது. தந்திகள், கையெழுத்துக் கடிதங்கள், புகைப்படங்களோடு கறைபட்ட திரைத்துணித் துண்டும், ஒரு கற்றை முடியும், எரிந்த தீக்குச்சியும் உள்ளே இருந்தன. விடையை ஒட்டி மூடியிருந்தார்கள். வாசகர் தானே துப்பறிய வேண்டும்.

பழைய கடிதம் செய்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, தட்டில் ஊற்றித் தாளை முக்கி எடுங்கள். ஓரங்களில் மட்டும் இன்னொரு முறை தேயிலைத் தண்ணீரைத் தடவினால் அங்கே கறை கறுக்கும். நிழலில் உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியை லேசாக ஓட்டுங்கள். எழுத்து தண்ணீரில் கரையும் மையாக இருந்தால் தாள் காய்ந்த பிறகு எழுதுவதே நல்லது. லேசர் அச்சு என்றால் நனைந்தாலும் நிற்கும். கடைசியில் மடித்து, ஒரு நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்திருங்கள். மடிப்பு வெளுத்து, உடம்புச் சூட்டில் தாள் துவண்டு போகும். புதுத் தாளின் சடசடப்பு போய்விடும். கடிதத்தை நம்பவைப்பதில் பாதி அந்தத் துவளல்தான். தேயிலைக் கறை அதற்கு அடுத்தபடிதான்.

குறையையும் சொல்ல வேண்டும். எண்பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்றை ஒருமுறை அரும்பாடுபட்டுச் செய்தேன். கதையில் ஒருவருக்குப் பூட்டுத் திறக்கும் மகா திருடன் வேடம். ஆனால் வேடம் போட்ட மனிதருக்குப் புதிர் பிடிபடவில்லை. முக்கால் மணி நேரம் கதை அங்கேயே நின்றது. பாத்திரத்தின் திறமையைப் பறித்துக்கொண்டு மனிதரின் திறமையைச் சோதித்துவிட்டேன், அது தவறு. இன்னொன்று, அரக்கனைப் பொம்மையாக மேசையில் வைத்த மறுகணம் அவன் கைப்பிடி அளவுக்கு வந்துவிடுகிறான். நல்ல குரலில் சொல்லி விட்டுவிட்டால் அவரவர் மனத்தில் அவரவர் அளவுக்கு வளர்வான். வானொலி கேட்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அழகான அட்டைக் கோட்டைகளையும் வர்ணம் தீட்டிய வீரர்களையும் நானும் ரசிக்கிறேன். ஆனால் மேசை நிறைய நிறைய ஆடுபவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது குறைகிறது. இதைப் பலமுறை கண்ணெதிரே கண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் தாண்டிய ஒரு நிலை உண்டு. பொருளே விதியாகிவிடுவது. 2005-ல் வந்த 'டிரெட்' என்ற திகில் விளையாட்டில் பகடையே கிடையாது. நடுவே ஜெங்கா மரக்கட்டைக் கோபுரம், 54 கட்டைகள். உங்கள் பாத்திரம் ஆபத்தான காரியம் செய்கிறதா, ஒரு கட்டையை உருவி உச்சியில் வையுங்கள். கோபுரம் உங்கள் கையில் சரிந்தால் உங்கள் பாத்திரத்தின் கதை முடிந்தது. கதையில் பயம் என்று யாரும் சொல்ல வேண்டாம், விரல் நடுங்குகிறது. தோழனைக் காப்பாற்ற, வேண்டுமென்றே கோபுரத்தைத் தட்டிவிட்டுச் சாகவும் விதியில் இடமிருக்கிறது.

அதைவிட மேலாக நான் வைப்பது ஸ்டீஃபன் டூயி எழுதிய 'டென் கேண்டில்ஸ்'. 2015-ல் வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பத்துச் சிறு மெழுகுவர்த்திகளின் ஒளியில் ஆட வேண்டும். பாத்திரங்களின் நற்குணம், தீய குணம், நம்பிக்கை எல்லாவற்றையும் ஆடுபவர்கள் சிறு அட்டைகளில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பகடை கைவிடும்போது குண அட்டை ஒன்றைச் சுடரில் பிடித்து எரித்து மறுபடி உருட்டலாம். எரிந்தது எரிந்ததுதான். ஒவ்வொரு காட்சி முடிவிலும் ஒரு சுடர் அணைகிறது. காற்றில் தானாக அணைந்தாலும் மறுபடி ஏற்றக் கூடாது. கடைசிச் சுடரோடு எல்லாப் பாத்திரங்களும் மடிகின்றன. ஆட்டம் தொடங்கும்போது அவை விட்டுச்செல்லும் கடைசிச் செய்தியை ஒவ்வொருவரும் தம் குரலில் பதிவு செய்திருப்பார்கள். அது அப்போது இருட்டில் ஒலிக்கும். இதுவரை நான் ஆடியவற்றில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. செலவு பத்து மெழுகுவர்த்தியும் ஒரு தீப்பெட்டியும்தான்.

எங்கள் கதையில் அந்தப் பழுப்புத் தாள் கடைசி இரவுவரை அவருடைய மடியிலேயே இருந்தது. மற்ற மூவரும் அதை இன்றுவரை படிக்கவில்லை.

இந்த விளையாட்டை ஆடுகிற நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் கதையில் ஒரு கடிதம் வந்தால் வாசித்துக் காட்டாதீர்கள். உங்கள் கைப்பட எழுதி, மடித்து, ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.