விலையைப் பார்த்தேன், செடியைப் பார்க்கவில்லை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். ஜெயித்த கதை சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பணத்தை விட்ட கதையைச் சொல்கிறேன்.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போடி டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. நான் அப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இருந்தேன். நண்பன் போன் செய்தான். "மாப்ள, மூணு ஏக்கர் தோட்டம் மூணு வருஷக் குத்தகைக்கு வருது. இப்ப விட்டா கிடைக்காது." போடிமெட்டு தாண்டி, பூப்பாறை போகும் வழியில் தோட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். பனி மூடிக் கிடந்தது, எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. சேமிப்பு 3 லட்சம், மனைவியின் நகையை அடகு வைத்து 2 லட்சம், ஆக 5 லட்சத்தை என் பங்காகக் கொடுத்தேன்.

என் கணக்கு ஒரு வரிதான். வருஷத்துக்கு 600 கிலோ, பெருக்கல் 7,000. ஆபீசில் ஒரு மோட்டார் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கிறவன் நான். டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டுப் பணத்துக்கு ஒரு தாளில்கூட எழுதிப் பார்க்கவில்லை.

முதல் காய் எடுப்பு அன்று, போடியிலிருந்து ஜீப்பில் வந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "தம்பி, செடியைப் பார்த்துப் பிடிச்சீங்களா, விலையைப் பார்த்துப் பிடிச்சீங்களா?" பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

விலை ஏன் ஏறியது என்று நான் யோசிக்கவே இல்லை. 2018 ஆகஸ்டு பெருமழையில் இடுக்கிப் பக்கம் செடிகள் சாய்ந்தன, அழுகின. அடுத்த கோடையில் மழை பொய்த்தது. செடியில் காய் இல்லை, அதனால்தான் விலை. என் தோட்டத்துச் செடியும் அதே மழையில் நனைந்ததுதானே? இன்னொன்று, 7,000 என்பது அன்று ஒரு நல்ல ரகத்துக்குக் கிடைத்த உச்ச விலை. அன்றைய சராசரி 5,000-க்கும் கீழே. நான் தலைப்பை மட்டும் படித்தேன்.

இன்னும் கேளுங்கள். சுமார் 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய். உலர்த்த டிரையர் வாடகை, விறகு. மாதம் அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை காய் எடுக்கக் கூலி, ஜீப் வாடகை. உரம், மருந்து. செடி செத்த இடத்தில் புதுச் செடி வைத்தால் காய்க்க மூன்றாம் வருஷம் ஆகும். என் குத்தகையே மூன்று வருஷம்! கோடைத் தண்ணீருக்கு அந்தத் தோட்டத்தில் குளம் இல்லை. முதல் வருஷம் கிடைத்தது 210 கிலோ.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. ஏலம் நின்றது. மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி ஆட்கள் போக முடியவில்லை. அப்புறம் விலை இறங்கி, 2022-இல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்தது. "எல்லாம் கொரோனாவால் போச்சு" என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. கொரோனாவை யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்க முடியாது. செடியின் வயசையும் தண்ணீரையும் கூலியையும் அரை நாளில் கேட்டிருக்கலாம். அந்த நகையை மீட்க எனக்கு நாலு வருஷம் ஆனது.

நான் போட்டது நிஜத் தோட்டம், மிச்சமாவது கிடைத்தது. பெருந்துறை ஈமு கதையை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, மாதம் 6,000 ரூபாய், வருஷக் கடைசியில் 20,000 போனஸ் என்றார்கள். கூட்டினால் வருஷத்துக்கு 92,000. அதாவது நூற்றுக்கு அறுபது வட்டிக்கும் மேலே. ஈமுக் கறியை யார் வாங்கினார்கள்? அநேகமாக யாரும் இல்லை. புதிதாகக் கட்டியவர் பணம்தான் பழையவருக்குப் போனது. 2012-இல் ஆள் வருவது குறைந்ததும் சரிந்தது. படித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

ஆகவே தம்பி தங்கைகளே, நாலே நாலு கேள்வி. லாபம் எங்கிருந்து வருகிறது? எது நடந்தால் போகும், போனால் என் வீடு தாங்குமா? நடுவில் வெளியே வர வழி உண்டா? இதை எனக்குச் சொல்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

இது பணத்துக்கு மட்டும் இல்லை. "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று ஒரு கோர்ஸில் ஒரு வருஷத்தைக் கொடுக்கும் முன், போன வருஷம் அங்கே படித்த இரண்டு பேரை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். இருபத்திரண்டு வயசு திரும்ப வராது.

2024 கோடை வறட்சியில் செடிகள் காய்ந்து, மறுபடி விலை ஏறியது. என் மச்சினன் ஓடி வந்தான். "மாமா, ஒரு தோட்டம் வருது, பிடிச்சிரலாமா?" நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு மெட்டுக்கு மேலே போனேன். அந்தப் பெரியம்மாவைத் தேடிப் பிடித்து, "செடியைப் பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றேன். அவர் தூரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் எங்கே என்று கேட்டார். மச்சினன் இரண்டு வாரம் கழித்து வேறு தோட்டம் பார்த்தான், சின்னதாக, குளத்தோடு.

நம் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது பணமோ காலமோ போடும் முன் என்னிடம் வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடலாம்.