நீர்விசைக் கழுவல் தொழிலும் தொழிலறிவை மறையாமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வி நிதி, மாணவர் விடுதி, திருமணச் செலவு ஆகிய பொருள்களைப் பற்றிப் பேச வல்லார் பலர் இவ்வவையில் இருக்க, சுவரையும் தரையையும் நீரின் விசையால் கழுவுந் தொழிலைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்த செயலாளர்க்கு எம் நன்றி உரியது. அழைப்பிதழில் இப்பொருளைக் கண்ட பெரியவர் ஒருவர், "இதுவும் ஒரு பொருளா?" என்று எம் காதுபடவே கூறினார். அவர் இப்பொழுது முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஆதலின் அவர்க்கு விடை கூறியே தொடங்குகின்றோம்.

ஊரார் அழுக்கைக் கழுவுதல் நம்மவர்க்கு அடாது என்பது அப்பெரியவர் கருத்து. மழைக்காலத்தில் மொட்டை மாடியில் பாசி படர்ந்து, வீட்டு மூதாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மறுநாளே அதனைக் கழுவ ஆள் தேடி ஓடுவோர் யார்? நாமே அன்றோ! தேடுங்கால் இன்றியமையாததாய் இருக்கும் வேலை, செய்யுங்கால் இழிந்ததாய் மாறுவது எங்ஙனம் என்பதை அவர்தாமே விளக்கல் வேண்டும். எம் தந்தையாரும் முதலில் அங்ஙனமே சினந்தார். யாமும் எம் தம்பியும் கடன் வாங்காமல் மூன்றாண்டு குடும்பம் நடத்தியதைக் கண்டபின், அவரே கணக்குப் புத்தகம் எழுத அமர்ந்தார். நிற்க.

இத்தொழிற் பொறியின் வரலாறு நெடியதன்று. அமெரிக்க நாட்டில் 1920களில் நீராவியைக் கொண்டு கழுவும் பொறிகள் தோன்றின. ஜெர்மனியில் ஆல்பிரட் கார்ச்சர் என்பார் 1935இல் தொடங்கிய நிறுவனம், 1950இல் வெந்நீரை உயரழுத்தத்தில் பீச்சும் பொறியை வெளியிட்டது. இன்று நம் கோவையில் வண்டிகளுக்கு வாட்டர் வாஷ் செய்யும் நிலையம் இல்லாத தெரு அரிது. ஆயினும் மாடி, சுவர், தளக்கல், தொழிற்சாலைத் தரை, சூரிய மின் தகடு ஆகியவற்றைக் கழுவிக் கொடுக்கும் ஒப்பந்த வேலை வேறு. அதற்கு வேண்டிய அறிவும் வேறு.

புதியோர் பலர் பொறி வாங்கும்பொழுது "எத்தனை பார்?" என்று மட்டுமே கேட்கின்றனர். அழுத்தம் அழுக்கைப் பெயர்ப்பது. பெயர்ந்த அழுக்கைத் தள்ளிக்கொண்டு போவது நீரின் அளவு. அழுத்தத்தைப் பாரிலும், நீரை நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்றும் கொண்டு, இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் வேண்டிய திறன் கிலோவாட்டில் கிடைக்கும். 200 பாரும் 15 லிட்டரும் எனின் 5 கிலோவாட். பம்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் மிகும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட்டிற்கு மேல் எடுத்தல் இயலாது. எனவே ஒற்றைப் பிளக்கில் மாட்டும் சிறு பொறியை 250 பார் என்று கூறி விற்பவன், ஒன்று நீரளவை மறைக்கின்றான், அன்றேல் பொய் கூறுகின்றான். இக்கணக்கை எமக்கு எவரும் கூறாமையால், முதற் பொறியில் யாம் இழந்த பணம் சிறிதன்று.

பம்பு கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பம்பு அன்று. அதற்குள் வரும் நீரே. நிமிடத்திற்கு 15 லிட்டர் உறிஞ்சும் பம்பை மாடித் தொட்டியின் அரையங்குலக் குழாயில் மாட்டினால், நீர் போதாமல் உள்ளே வெற்றிடக் குமிழிகள் தோன்றி வெடித்து, சீல்களையும் வால்வுகளையும் அரித்துவிடும். இடையில் ஒரு டிரம்மை வைத்து அதில் நீரை நிரப்பிக்கொண்டு, அகன்ற ஹோஸால் எடுத்தல் வேண்டும். கன்னை மூடிவிட்டுப் பொறியை ஓடவிட்டுத் தேநீர் அருந்தச் செல்லும் வழக்கமும் கேடு பயப்பது. அப்பொழுது அதே நீர் பம்பிற்குள்ளேயே சுழன்று கொதிப்பேறுகின்றது. இரண்டு நிமிடத்திற்கு மேல் நிற்க நேரின் பொறியை அணைத்துவிடுக. நம் மேற்கு மாவட்டத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பு மிக்கது. வேலை முடிந்தபின் நன்னீரைச் சிறிது ஓட்டிக் கழுவாவிடில் உள்ளே சுண்ணம் படியும். புதுப் பம்பின் எண்ணெயை முதல் 50 மணி நேரத்தில் மாற்றிவிடுதல் நன்று.

நாசில்களின் நிறத்தை இளைஞர்கள் மனத்திற் கொள்வாராக. சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. கறுப்பு, சோப்பு நீருக்கு. சிவப்பு நாசிலை எம் பையில் யாம் வைத்திருப்பதே இல்லை. தொடக்க நாளில் ஒரு பழைய வீட்டின் சுண்ணச் சுவரை மஞ்சள் நாசிலால், ஒரு சாண் தொலைவில் அடித்தோம். அழுக்குப் போயிற்று, அழுக்கோடு பூச்சும் போயிற்று. வீட்டுக்கார அம்மையார் ஒரு சொல்லும் கூறாமல், விழுந்த சுண்ணாம்புப் பத்தையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அதனைப் பூசினவர் அவர் பாட்டனார் காலத்துக் கொத்தனார். கூலியும் பெறாமல், பூச்சுச் செலவும் கொடுத்து வந்தோம். சுண்ணச் சுவர்க்குத் தூரிகையும் குழாய் நீருமே போதும் என்பதை அன்றே அறிந்தோம்.

இன்னொன்று உயிர்க்காப்புப் பற்றியது. இப்பொறியின் தாரை தோலைக் கிழித்து உட்புகும். புண் ஊசி குத்தினாற்போற் சிறிதாய்த் தோன்றும். நோவும் முதலில் மிகுதியாய் இராது. உள்ளே நீரும் அழுக்கும் தசை நெடுகப் பரவியிருக்கும். மஞ்சளைப் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டிற் கிடத்தல் விரலையோ கையையோ இழத்தற்கே வழி. உடனே மருத்துவமனைக்குச் சென்று, உயரழுத்த நீர் பாய்ந்தது என்று தெளியக் கூறுதல் வேண்டும். ஈரத்தில் நின்று மின்பொறி ஓட்டுவோர் 30 மில்லி ஆம்பியரில் மின்னைத் துண்டிக்கும் காப்புக் கருவியின்றி ஓட்டற்க.

இனி, யாம் கூற வந்த பொருளின் நடுவிடத்திற்கு வருகின்றோம். கூறுதற்கு நாணமாயினும் கூறியே தீர்தல் வேண்டும்.

மாடியிற் படரும் கரும்பாசியை விசையால் மட்டும் அடித்தால், அது முற்றும் போகாது. அடுத்த மழைக்கே மீளும். சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெளித்துப் பாசியைக் கொன்றபின் மெல்லிய அழுத்தத்திற் கழுவுதலே முறை. கடையில் 10 முதல் 12 சதவீதம் வலிமையில் கிடைக்கும் சரக்கு ஒரு பங்கிற்கு நீர் நான்கு பங்கு. பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடல். அருகிலுள்ள செடிகளை முன்னும் பின்னும் நன்னீரால் நனைத்தல். சரக்கை வெயிலில் வையாமை. வைத்தால் அதன் வலிமை நாளுக்கு நாள் குன்றும். இவ்வளவே அதன் மறைபொருள். இதனை யாம் பல நாள் பொருள் செலவிட்டு, வேலை கெட்டு, கற்றுக்கொண்டோம். ஆகவே எமது சொத்து என்று கருதினோம்.

ஐந்தாண்டுகட்கு முன் நம்மவருள் ஓர் இளைஞர் புதிதாகப் பொறி வாங்கி, எம் வீட்டிற்கு வந்து, "அண்ணா, மாடிக்கு என்ன மருந்து கலக்கிறீர்கள்?" என்று கேட்டார். யாம் சிரித்து, "செய்யச் செய்யத் தானே தெரியும், தம்பி" என்று கூறிக் காப்பி கொடுத்து அனுப்பினோம். தெருமுனை வரை எம் தம்பி அவருடன் சென்றான், அவனும் கூறவில்லை. கூறற்க என்று யாம் கண்ணாற் குறித்திருந்தோம்.

இரண்டு திங்கள் சென்றபின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடி வண்டி நிறுத்துமிடத்தில் அவர்க்கு வேலை கிடைத்தது. பாசிக்குப் பிளீச்சிங் கரைசலைத் தெளித்தார். அது காயுமுன்னரே, துருக்கறைக்கு ஆசிட் நல்லது என்று எவரோ கூறக் கேட்டு, அதனையும் அங்கேயே ஊற்றினார். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்தருகே படைவீரர்மேல் ஜெர்மானியர் ஏவியதும் இவ்வாயுவே. காற்றினும் இரண்டரை மடங்கு கனமாகலின் அது தாழ்ந்த இடத்தில் தேங்கும். நிலத்தடியில் அது வெளியேற வழி ஏது? காவற்காரர் அவரை இழுத்து வெளியேற்றியதால் உயிர் தப்பினார். மாடிப்படி ஏறினால் இன்றும் மூச்சு வாங்குகின்றது. இத்தொழிலை விட்டுவிட்டார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவர் அன்னையார் எம்மைக் கண்டார். அழவில்லை, வையவும் இல்லை. "ஏன் தம்பி, உனக்கு இது தெரிந்துதானே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அன்றும் எம்மிடம் விடை இல்லை; இன்றும் இல்லை.

அதன்பின்னரே திங்கட்கு ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில், எம் கொட்டகையிற் கூடுதல் என்னும் ஏற்பாடு தோன்றியது. முதற் கூட்டத்திற்கு நால்வர் வந்தனர். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வானிலையைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசிக் கலைந்தோம். அடுத்த கூட்டத்தில் எம் தந்தையார் எழுதிய கணக்குப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்தோம். அதன்பின் வாய்கள் திறந்தன.

விலை பற்றிய பேச்சே அங்கு மிகுதியும் நிகழ்வது. ஒரு கணக்கைப் பேச்சுக்காகக் கொள்வோம். பொறியின் விலை 60,000 ரூபாய்; ஆண்டிற்கு 200 நாள் வேலை; மூன்றாண்டு உழைக்கும். 600 நாளுக்கு வகுத்தால் நாள் ஒன்றுக்குத் தேய்மானம் 100. ஹோஸ், சீல், நாசில், எண்ணெய்க்கு 100. இருவர் கூலி 1,800. வண்டியும் எரிபொருளும் 700. மருந்து 300. ஆக 3,000 ரூபாய். முதலாளியின் வீட்டுச் செலவு திங்கட்கு 25,000 எனின் ஆண்டிற்கு மூன்று இலட்சம்; அதனை 365 நாளால் வகுத்தல் தவறு, வேலையுள்ள 200 நாளே அதனைச் சுமத்தல் வேண்டும்; ஆகவே நாளுக்கு 1,500. மொத்தம் 4,500. நாளொன்றுக்கு 1,500 சதுர அடி கழுவினால், சதுர அடிக்கு மூன்று ரூபாய் பெற்றால்தான் கட்டும். இரண்டு ரூபாய்க்கு ஒப்புக்கொள்பவன் 3,000 பெற்று, 3,000 செலவிட்டு, வெறுங்கையோடு வீடு சேர்கின்றான். கையிற் பணம் புழங்குவதால் அஃது அவனுக்குத் தெரிவதில்லை. பம்பு உடையும் நாளிலேதான் தெரியும். அதற்குள் அவன் எம் விலையையும் கெடுத்துவிடுகின்றான். போட்டியாளனுடைய அறியாமை நமக்கு ஊதியம் என்று எண்ணியிருந்தோம். அஃது எம் தலைமேலேயே விழுந்தது. ஆண்டு வரவு 20 இலட்சத்தைக் கடப்பின் சரக்கு சேவை வரிப் பதிவு வேண்டும் என்பதும் இக்கூட்டத்தில் கற்றதே.

இதனால் எமக்கு இழப்பே இல்லை என்று கூறோம். எம் கொட்டகையில் நாசில் பிடிக்கக் கற்ற ஒருவர், நாங்கள் நான்காண்டாய்ச் செய்துவந்த ஒரு குடியிருப்பின் ஒப்பந்தத்தை எமக்குத் தெரியாமலே பெற்றுக்கொண்டார். எம் தம்பி இரண்டு திங்கள் கூட்டத்திற்கு வாராமல் முகம் திருப்பிக்கொண்டான். எமக்கும் மனம் கசந்தது. ஆயினும் அவர் எம்மினும் விலை குறைத்துக் கொள்ளவில்லை. வேலையை எம்மினும் செப்பமாகச் செய்தார். அதன்மேல் சண்டையிட எமக்கு வழக்கு ஏது? இப்பொழுது அவர் மூன்றாவது வரிசையில் அமர்ந்து சிரிக்கின்றார். சிரிக்கட்டும்!

பெரியோர்களே! சங்கத்து அன்பர் சிலர், இக்கூட்டம் நம் குலத்தாரோடு நிற்றல் வேண்டும் என்றும், பிறரைச் சேர்த்தால் நம் பிள்ளைகள் பிழைப்புக் கெடும் என்றும் எமக்கு எழுதியுள்ளனர். அவர்தம் பற்றை மதிக்கின்றோம், முடிவை ஏலோம். குளோரின் வாயு குலம் கேட்டுப் புகுவதில்லை. அன்று எம் இளைஞரை நிலத்தடியினின்றும் இழுத்து வந்த காவற்காரரும் நம் குலத்தவர் அல்லர். அவர் கேட்டுவிட்டா இழுத்தார்? சென்ற திங்கள் கூட்டத்திற்கு வந்த பதினெழுவருள் நம்மவர் எண்மரே. அவ்வொன்பது பிறருள் ஒருவர்தாம், ஆழ்குழாய் நீரின் சுண்ணத்தால் அடைபட்ட வால்வை எடுத்துத் தூய்மை செய்யும் முறையை எமக்குக் காட்டினார். அதனால் ஒரு பம்பு பிழைத்தது.

சங்கத்தாரிடம் யாம் வேண்டுவது சிறிதே. அழுத்தமானி ஒன்றும், நீரளவு காண அளவுக்கோடிட்ட வாளி ஒன்றும், முகக் கவசங்கள் பத்தும் சங்க நிதியினின்று வாங்கித் தருக. எவர் கேட்பினும் எழுதி வாங்கிக்கொண்டு இரவல் கொடுப்போம். வரும் முதல் ஞாயிறு மாலை 5 மணிக்குக் கூடுகின்றோம். வருவோர் தம் பழைய நாசில்களைக் கொணர்க. துளை தேய்ந்து அழுத்தம் குறைந்தவை எவை என்று அங்கேயே அளந்து பார்ப்போம். முன்வரிசைப் பெரியவர் தம் மாடியைக் கழுவிக் காட்டுதற்கு இசைந்தாராயின், கூட்டத்தை அங்கேயே வைத்துக்கொள்ளவும் தடையில்லை. காப்பி மட்டும் அவர் பொறுப்பு.