எஞ்சின் பங்கு யாருக்கு?

(விளாத்திகுளத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



மில் தொழிலாளிகளும் கரிசலில் மிளகாயும் பருத்தியும் எடுக்கிறவர்களும் கூடியிருக்கும் இடத்தில் இவன் கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நம் தாலுகா வேம்பாரிலும் கீழவைப்பாறிலும் சிப்பிகுளத்திலும் போய்க் கடலில்தான் முடிகிறது. அங்கே வல்லத்தில் போகிறவனும் நம்மைப் போலவே கையை நம்பிப் பிழைக்கிறவன். அவனுக்கு நேர்ந்ததை நீங்கள் கேட்க வேண்டும்.

கீழவைப்பாறுப் பக்கம் அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தமான ஒரு வல்லம். கூடப் பங்குக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். பாயும் துடுப்புமாக இருந்த அந்த வல்லத்துக்கு எஞ்சின் வைக்க ஆசைப்பட்டார்கள். இது சுகத்துக்கான ஆசையல்ல. கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது. தூரப் போனால்தான் வலை நனைந்ததற்குப் பலன்.

கரையோர மீன் எங்கே போயிற்று? 1952-இல் ஒப்பந்தமாகி 1953-இல் கேரளத்து நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. சிறு மீனவனுக்கு எஞ்சின் படகு தந்து அவன் வாழ்வை உயர்த்துவோம் என்றார்கள். பின்னால் எஞ்சினும் பணமும் இறால் ஏற்றுமதியைத் தேடிப் போயின, இழுவைமடி பெருகிற்று. கடலின் அடியையே அரித்து வாரும் மடி அது. இங்கும் அதுவே வந்தது. விசைப்படகுகள் கரையோரக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தடை இருக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. வல்லக்காரன் வலை கிழிந்து கிடக்கிறது.

ஆகவே எஞ்சின் தேவை. புது எஞ்சின் வாங்கப் பணமில்லை, பழையதுதான் கதி. மீன் தரகர் ஒருவர் தாமே முன்வந்தார். “பணம் நான் தருகிறேன், எஞ்சினும் நானே பார்த்துத் தருகிறேன், பிடிக்கிற மீனை என்னிடமே போட்டால் போதும்” என்றார். பளபளவென்று பெயிண்ட் அடித்த எஞ்சின் வந்தது. மூன்றாம் வாரம் நாலு கடல் மைலுக்கு அப்பால் நின்றது. நாலு பேரும் துடுப்புப் போட்டு நடுச்சாமத்தில் கரை சேர்ந்தார்கள். எஞ்சின் போயிற்று, கடன் போகவில்லை. மீன் ஏலத்துக்கு வராமல் தரகர் சொன்ன விலைக்கே போயிற்று.

இந்த இடத்தில்தான் மில் தொழிலாளியின் வேலை வருகிறது. கோவில்பட்டியில் மில் பிட்டராக இருக்கும் நம் தோழர் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். ஞாயிறன்று அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அவர் கடல் எஞ்சினை அதற்கு முன் தொட்டவரல்லர். கியர்ப் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினார். எண்ணெய் பால் ஊற்றிய டீயைப் போல வெளுத்து வந்தது. “அண்ணாச்சி, சீல் போய் உப்புத் தண்ணி உள்ளே ஏறியிருக்கு. வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார்.

பிறகு வேறொரு பழைய எஞ்சினைப் பார்த்தார்கள். இந்தத் தடவை கண்ணை நம்பவில்லை. கியர் எண்ணெயைப் பார்த்தார்கள். இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று அளந்தார்கள். எஞ்சினைத் தொட்டித் தண்ணீரில் ஓட்டி, குளிர்விக்கும் தண்ணீர் தாரையாகப் பீச்சுகிறதா என்று கவனித்தார்கள். அது நின்றால் உள்ளே ரப்பர்ச் சக்கரம் தேய்ந்துவிட்டது, எஞ்சின் சூடேறிச் செத்துவிடும் என்று பொருள். தண்டின் நீளம் 15 அங்குலமா 20 அங்குலமா என்று பார்த்து, அதற்குத் தக்கபடி வல்லத்தின் பின்புறத்தில் கனமான பலகையைப் போல்ட் போட்டு இறுக்கினார்கள். எஞ்சின் நம்பரும் ரசீதும் கையில் வாங்கினார்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினைக் கழுவ வேண்டும் என்பதையும் பழகிக்கொண்டார்கள். முழு வேகத்தில் விரட்டாமல் சற்றுக் குறைத்து ஓட்டினால் எண்ணெய் வெகுவாக மிஞ்சுகிறது என்பதை அவர்களே கண்டார்கள். அந்த எண்ணெய் பெரிய விஷயம். இந்த எஞ்சின் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிறது. மண்ணெண்ணெய்க்கு மத்திய சர்க்கார் தந்த மானியமோ 2020-இல் அடியோடு நின்றது.

இதெல்லாம் சரி. பணம்? அங்கேதான் முக்கியமான பிரச்னை. கரையில் ஒரு வழக்கம் உண்டு. செலவு போக மிஞ்சியதைப் பங்கு வைக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, வல்லத்துக்கும் வலைக்கும் பங்கு, எஞ்சினுக்கும் ஒரு பங்கு. கூடையில் மீன் சுமந்து விற்கும் ஓர் அம்மாள் என்னிடம் கேட்டார்: “எஞ்சினுக்கு என்ன, வயித்துப் பசியா?”

எஞ்சினுக்குப் பசியில்லை, எஞ்சினுக்குப் பணம் போட்டவனுக்கே பசி. இது புதிய கதையுமல்ல. இந்தக் கடலில் 1961-இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. மூச்சடக்கி அடியில் இறங்கிச் சிப்பி எடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு என்பதே பழைய வழக்கம். நம் கிராமத்திலும் கிணற்று ஆயில் எஞ்சினுக்குக் கடன் கொடுத்தவன் விளைந்த மிளகாயைக் களத்திலேயே அள்ளிப் போனதை நீங்கள் பார்த்ததில்லையா?

வேறு வழி இருக்கிறது. கேரளக் கரையில் மரியநாடு போன்ற கிராமங்களில் மீனவர்கள் சொந்தச் சங்கம் கட்டினார்கள். அப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. நமது கன்னியாகுமரிக் கரையிலும் அது பரவிற்று. மீனைச் சங்கமே கரையில் விற்றது. விற்ற தொகையில் ஒரு பகுதி கடனுக்கு, ஒரு சிறு பகுதி சேமிப்புக்கு. மீன் கிடைத்த நாளில் தவணை. கிடைக்காத நாளில் தவணை இல்லை. கூட்டமைப்பே எஞ்சினை வாங்கிக் கொடுத்தது, பழுதுபார்க்கும் பட்டறையும் நடத்திற்று. தரகரின் பிடி தளர்ந்தது இந்த வழியில்தான்.

நம் நாலு பேரும் இதைச் சிறு அளவில் செய்திருக்கிறார்கள். வீட்டுப் பெண்களின் சுய உதவிக் குழுவில் கடன் எடுத்தார்கள். எஞ்சின் பங்கு ஒரு பொதுப் பெட்டிக்குப் போகிறது. கடன் தீர்ந்தபின் அது நாலு பேருக்கும் பொதுவான பழுதுநிதி. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தரகரின் பழைய கடன் இன்னும் பாதி நிற்கிறது. அதுவரை பிடியில் ஒரு பகுதி அவருக்கே போகிறது. ஒரு வல்லம் தனியாக நின்று இந்தக் கடிவாளத்தை அறுக்க முடியாது. கரை முழுவதும் சங்கமானால் முடியும்.

ஆகவே, தோழர்களே, மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். இந்தக் கரையோரச் சட்டத்தைச் சர்க்கார் உண்மையாக அமல் நடத்த வேண்டும். எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் உதவி, தரகர் கை வழியாக அல்லாமல், மீனவர் சங்கம் வழியாக வர வேண்டும். மூன்றாவது கோரிக்கை உங்களிடம். பிட்டர், டர்னர், ஆயில் எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கரைக்கு வர வேண்டும். கூலி கிடைக்காது, மீன் குழம்பு நிச்சயம் கிடைக்கும்.

கரிசல்காரனும் மில்காரனும் கடல்காரனும் தனித்தனியே நிற்கும்வரை எஞ்சின் பங்கு எவனோ ஒருவனுக்குத்தான் போகும். சேர்ந்து நின்றால் உழைத்தவன் வீட்டுக்கு வரும். பெயர் கொடுக்க விரும்பும் தோழர்கள் இந்தக் கூட்டம் கலையுமுன் கொடுத்துவிட்டுப் போங்கள்.