பழைய பாட்டும் பொற்காலப் பித்தும்

(பண்ணைப்புரத்தில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பாட்டு. நமக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் "அந்தக் காலத்துப் பாட்டுப் போல் இனி வருமா? அதுவல்லவோ தங்கமான காலம்! இப்போதுள்ளது வெறும் கூச்சல்" என்கின்ற பேச்சு டீக்கடையிலும், கலியாண வீட்டிலும், பஸ்ஸிலும், கைபேசியிலும் ஓயாமல் அடிபடுகின்றது. அது எவ்வளவு தூரம் உண்மை, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று ஆராய வேண்டியது அவசியமென்று கருதுகிறோம். இதைப் பேசுவதற்குப் பண்ணைப்புரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏனெனில் ஜனங்கள் இன்று "பழைய பாட்டு" என்று உருகுவதில் பெரும் பாகம், 1943-ல் இந்த ஊரில் பிறந்த இளையராஜா அவர்கள் இசையமைத்த பாட்டேயாகும்.

தோழர்களே! பழைய பாட்டைக் கேட்டு மகிழ்வதைக் குற்றம் என்று சொல்ல நாம் வரவில்லை. நமக்கும் காது இருக்கிறது, நாமும் கேட்கிறோம். ஆனால் பாட்டின் மேல் வைக்கும் ஆசை வேறு. அது பிறந்த காலத்தின் மேல் வைக்கும் பக்தி வேறு. ஆசை மனித சுபாவம். பக்தியோ கிருத யுகம் உயர்ந்தது, கலியுகம் தாழ்ந்தது என்ற புராணத்தின் குட்டியேயாகும். முன்னால் இருந்ததெல்லாம் உயர்வு, பின்னால் வருவதெல்லாம் தாழ்வு என்று ஒப்புக்கொண்டால், எந்தச் சீர்திருத்தத்துக்கும் வேலையே இல்லாமல் போய்விடும்.

பொற்காலம் என்பது ஏன் எப்போதும் நம் வாலிப காலமாகவே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கிட்டப்பா 1933-ல் இறந்தார். அவரை நாடக மேடையில் கேட்டவர்களுக்கு அதுவே பொற்காலம். 1944-ல் வெளிவந்து சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்ட "ஹரிதாஸ்" படத்தைப் பார்த்தவர்களுக்குத் தியாகராஜ பாகவதர் காலமே பொற்காலம். பிறகு விஸ்வநாதன் - ராமமூர்த்தி. 1976-ல் "அன்னக்கிளி"யோடு இளையராஜா. 1992-ல் "ரோஜா"வோடு ரகுமான். அந்தந்தக் காலத்தில் மீசை முளைத்தவனுக்கு அந்தந்தப் பாட்டே உசத்தி. மனிதனுக்கு முதுமையில் மிகுதியாக ஞாபகம் வருவது, ஏறக்குறைய 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் நடந்தவையே என்று மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே பாட்டைக் கேட்டு நாம் அழுகின்ற அழுகையில் பாதி பாட்டுக்காக அல்ல. போய்விட்ட நம் வயதுக்காகவேயாகும்.

அன்றியும் காலம் ஒரு முறம். தூற்றிய பின் நெல் நிற்கும், பதர் பறந்துவிடும். சென்ற தலைமுறையின் பதர் பறந்து நெல் மாத்திரம் நம் கையில் இருக்கிறது. இன்றைய களத்திலோ நெல்லும் பதரும் கலந்து கிடக்கின்றன. தூற்றிய நெல்லையும் தூற்றாத குவியலையும் பக்கத்தில் வைத்து, "பார், அந்தக் காலத்து நெல்லில் பதரே இல்லை" என்பது என்ன நியாயம்? புதியது எல்லாம் நல்லது என்றும் நாம் சொல்லவில்லை. தூற்றிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

இதற்கு ஒரு ருஜு சொல்லுகிறோம். 1950-களின் சினிமாப் பாட்டுகளை இன்று தேவகானம் என்கிறார்களே, அந்தப் பாட்டுகளுக்கு அன்று நடந்த மரியாதை என்ன? 1952-ல் மத்திய சர்க்காரில் வானொலிக்கு மந்திரியாக வந்த கேஸ்கர் என்பவர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள்! கடைசியில் 1957-ல் விவித பாரதி என்று ஒன்று ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அன்று குப்பை என்று தள்ளப்பட்டதுதான் இன்று பொன். அப்படியானால் இன்று நீங்கள் குப்பை என்று தள்ளுவது நாளைக்கு என்னவாகும்?

ஆர்மோனியத்தின் கதையும் இதுவே. நம் சங்கீதத்துக்கு ஒவ்வாத அன்னியப் பெட்டி என்று சொல்லி 1940-ல் வானொலியிலிருந்து அதைத் தள்ளிவைத்தார்கள். 1971 வரை அந்தத் தடை தளரவில்லை. அந்த 31 வருஷத்துக்குள்ளேதான் இந்த ஊர்ப் பாவலர் வரதராசன் அவர்கள் ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிவந்தார். 1958-ல் மலைக்கு மேலே தேவிகுளம் இடைத்தேர்தலிலும் பாடினார். அந்தத் தமையனோடு ஊர் ஊராய்ப் போய்க் கற்றவர்தான் இளையராஜா. சாஸ்திரம் தள்ளிய பெட்டியின் பக்கத்தில் வளர்ந்த இசையைத்தான் இன்று சாஸ்திரம் போல் வைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவனை அடிக்க ஓங்குகிறோம்.

சரி, அந்தப் பொற்காலத்தின் யோக்கியதையைத்தான் பார்ப்போமே. இளையராஜா பிறந்த அதே 1943-ல்தான் சென்னையில் தமிழிசைச் சங்கம் ஏற்பட்டது. தமிழ்நாட்டு மேடையில் தமிழில் பாடவே ஒரு சங்கம் வேண்டியிருந்தது! மூன்று வருஷம் கழித்து, 1946-ல் திருவையாற்றுத் தியாகராஜர் உற்சவத்தில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டொன்று பாடினார் என்பதற்காகச் சந்நிதானமே தீட்டாகிவிட்டது என்று பேசப்பட்டது. பாட்டும் ஆட்டமும் குலத்தொழிலாய்க் கொண்ட பெண்களைக் கோயிலில் பொட்டுக்கட்டிவிடும் கொடுமை 1947-ல் சட்டம் வந்துதான் தடுக்கப்பட்டது. பறை கொட்டியவனைச் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டார்களே ஒழிய, சங்கீத சபைக்குக் கூப்பிட்டார்களா?

இன்னும் கிட்டத்தில் வருவோம். 1970-களிலும் 80-களிலும் டீக்கடை ரேடியோவில் கேட்ட பாட்டை எண்ணி ஏங்குகிறோம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர் டீக்கடைகளில் சிலருக்குப் பெஞ்சும் கண்ணாடிக் கிளாசும், சிலருக்குத் தரையும் தனிக் குவளையும் இருந்தனவே, அது ஞாபகம் இருக்கிறதா? பாட்டு ஒன்றுதான்; இருவர் காதிலும் அதுவே விழுந்தது. ஆனால் "அந்தக் காலம் திரும்ப வராதா?" என்று பெஞ்சில் இருந்தவன் கேட்கலாம். தரையில் குந்தியவன் கேட்பானா? அவனுக்குப் பாட்டு வேண்டும். அந்தக் காலம் வேண்டாம். தோழர்களே, இந்த வித்தியாசத்தைத்தான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தோம். பாட்டைக் காப்பாற்றுங்கள், காலத்தைக் கும்பிடாதீர்கள்.

இன்று நம் பிள்ளைகள் கானா பாடுகிறார்கள். பறையைச் சாவு வீட்டிலிருந்து மேடைக்கு ஏற்றுகிறார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற குழுவார் கானாவையும் ராப்பையும் சேர்த்து, ஜாதியை எதிர்த்தே பாடினார்கள். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இதே கேள்வியைத்தான் நேற்று ஆர்மோனியத்தைப் பார்த்தும், சினிமாப் பாட்டைப் பார்த்தும், தமிழ்ப் பாட்டைப் பார்த்துமே கேட்டார்கள். கேள்வி பழையது; கேட்கப்படுகிறவன் மாத்திரம் புதியவன்.

இளையராஜாவே தம் பழைய பாட்டுக்குள் குடியிருந்துவிடவில்லை. 2025 மார்ச் 8-ந் தேதி, 81-வது வயதில், லண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார். பாடியவன் முன்னே போய்க்கொண்டிருக்க, கேட்டவன் பின்னால் உட்கார்ந்துகொண்டு அழுவானேன்?

நம் கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-ல் அணை கட்டிக் கிழக்கே திருப்பியிராவிட்டால் இத்தனை நஞ்சை ஏது? ஆறு பழைய வழியே போவதுதான் முறை என்று யாராவது இங்கே வாதாடுவார்களா? வயிற்றுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயமா?

ஆகையால் தோழர்களே! பழைய பாட்டைப் பாடுங்கள், கேளுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஆனால் அந்தப் பாட்டைக் கதவாக்கி, புதிதாய்ப் பாட வருகிறவன் முகத்தில் சாத்தாதீர்கள். நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். உங்கள் அறிவையும் அனுபவத்தையும் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். தவறென்று பட்டால் தள்ளிவிடுங்கள்.