பொது அறிவும் நம் பிள்ளைகளும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் காலனியில் ஒரு பிள்ளை பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டை எட்டியவுடன் வீட்டில் ஒரு பேச்சு எழுகின்றது. “ஐ.ஏ.எஸ். எழுதலாமே” என்கிறார் தந்தையார். “அதற்குப் பொது அறிவு வேண்டுமாமே, எந்தப் புத்தகம் வாங்குவது?” என்று வினவுகிறார் தாயார். மறுவாரமே தலையணை போன்றதொரு நூல் வீட்டிற்கு வந்து சேர்கின்றது. ஆறு திங்கள் கழிந்ததும் அந்நூல் அலமாரியின் உச்சியில் ஏறிவிடுகின்றது. பிள்ளைக்குச் சோம்பல் என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். அது சோம்பல் அன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பட்டியலை நெட்டுருப் போடச் சொன்னால் எந்த மனமும் சலிக்கத்தான் செய்யும்.

இத்தேர்வுக்குரிய தகுதி பட்டப் படிப்பு. மெட்ரிக்குலேஷனோடு நின்ற நாம் அதைப் பற்றிப் பேசலாமோ என்ற ஐயம் சிலருக்கு எழலாம். எழுதுவோரைக் காட்டிலும், அவர்களை வளர்க்கும் வீட்டாருக்கே இன்று பேச வந்துள்ளோம். ஆதலால் பொறுத்தருள்வீர்கள் என்று நம்புகின்றோம்.

முதலில் தேர்வின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். ஆங்கில அரசு சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வை 1855-இல் தொடங்கியது. ஆனால் அது இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. கடல் கடக்கப் பணமும் துணிவும் உடையவரே எழுத முடிந்தது. 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராக வெற்றி பெற்றார். இந்திய மண்ணிலும் அத்தேர்வு நடைபெற 1922 வரை காத்திருக்க நேர்ந்தது. 1926 அக்டோபர் 1-ஆம் நாள் பணியாளர் தேர்வாணையம் நிறுவப்பட்டது. குடியரசு மலர்ந்த 1950 ஜனவரி 26-ஆம் நாள் அது யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் என்னும் பெயர் பெற்றது. இவ்வாறு, கப்பல் ஏறியவருக்கே திறந்திருந்த கதவு, கமிஷன் அலுவலகத்தை நேரில் கண்டிராதவருக்கும் திறந்தது. அக்கதவைத் தட்டும் உரிமை தாராவியின் பத்தடி அறையில் படிக்கும் பிள்ளைக்கும் உண்டு.

தேர்வு மூன்று படிகளை உடையது. முதனிலைத் தேர்வில் பொது அறிவுத் தாளுக்கு 100 வினாக்கள், 200 மதிப்பெண்கள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். தகுதிக்கு மட்டும் உரிய இரண்டாம் தாளில் 33 விழுக்காடு பெற்றால் போதும். அடுத்த படியான முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாள் ஒன்று, பொது அறிவுத் தாள்கள் நான்கு, விருப்பப் பாடத்தின் தாள்கள் இரண்டு என ஏழு தாள்களுக்கு 1750 மதிப்பெண்கள். நேர்முகத் தேர்வுக்கு 275. நான்கு பொது அறிவுத் தாள்களுக்கு மட்டும் 1000 மதிப்பெண்கள் என்பதை நோக்கினால் இன்றைய பொருளின் அருமை விளங்கும்.

அப்படியாயின் பொது அறிவு என்பது யாது? ஒரு செய்தியை அறிவது மட்டும் பொது அறிவு ஆகாது. அதன் காரணத்தையும் விளைவையும் அறிந்து, பிறிதொரு செய்தியோடு இணைக்கத் தெரிந்திருப்பதே பொது அறிவு. அதைக் கற்பதற்கு மும்பையைக் காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் அரிது. சில சான்றுகள் கூறுவோம்.

மாட்டுங்காவின் அகன்ற வீதிகளையும் மரநிழலையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவை எவ்வாறு அமைந்தன? 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளில் மக்கள் மடிந்தனர். அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அந்த டிரஸ்ட் வகுத்த திட்டங்களில் ஒன்றுதான் தாதர் - மாட்டுங்காத் திட்டம். பின்னாளில் தென்னாட்டிலிருந்து உத்தியோகம் நாடி வந்தோர் பலர் இப்பகுதியில் குடியேறினர். அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கென 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்கே தோன்றியது.

அந்தப் பிளேக் நோய்க்கு வேறொரு கிளையும் உண்டு. நோயைத் தடுக்க 1897-இல் கொள்ளை நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. பூனாவில் தடுப்புப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த ராண்ட் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரியின் காலத்தில், சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை செய்தனர். மக்கள் மனம் கொதித்தனர். அவ்வாண்டு ஜூன் திங்களில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். கேசரி இதழில் வெளியான எழுத்துக்களுக்காகத் திலகர்மீது இராஜத் துரோக வழக்கு தொடரப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்த அவ்வழக்கில் அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர்மீது ஏவப்பட்ட 124-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022-இல் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. கொள்ளை நோய்ச் சட்டமோ 2020-இல் கொரோனாக் காலத்தில் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்க அவ்வாண்டே அது திருத்தப்பட்டது.

அன்பர்களே! ஒரு நோயிலிருந்து நகர அமைப்பும், விடுதலைப் போரும், நீதிமன்றமும், இன்றைய நடப்பும் கிளைத்து வருவதைக் கண்டீர்கள். கையேட்டில் இவை ஐந்து பக்கங்களில் ஐந்து வரிகளாகக் கிடக்கும். நம் பிள்ளை இவற்றை ஒரே கதையாகக் கேட்டால் எளிதில் மறக்குமா? அதிகாரம் கையில் இருந்தும் மக்களின் மனத்தை அறியாத அதிகாரியால் என்ன நேரும் என்ற பாடமும் அதில் அடங்கியிருக்கின்றதன்றோ? நான்காம் பொது அறிவுத் தாள் அறநெறியைப் பற்றியதே.

இனிச் செம்பூருக்கு வருவோம். அதை அடுத்த டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் ‘அப்சரா’ என்னும் ஆராய்ச்சி அணு உலை இயங்கத் தொடங்கியது. அந்நிலையத்தை உருவாக்கிய ஹோமி பாபா 1966-இல் விமான விபத்தில் மறைந்தார். மறு ஆண்டு நிலையத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் வகுத்த திட்டம் மூன்று கட்டங்களை உடையது. முதலில் யுரேனியம், அடுத்து வேக ஈனுலை, இறுதியில் தோரியம். தோரியம் எங்கே கிடைக்கின்றது? குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் கிடைக்கின்றது. வேக ஈனுலைக்கான ஆராய்ச்சி கல்பாக்கத்தில் நடைபெறுகின்றது. செம்பூர்ப் பிள்ளை கேட்கும் கேள்வி தாத்தாவின் ஊர்க் கடற்கரையில் போய் முடிகின்றது!

தாராவியை எடுத்துக்கொள்வோம். அங்கே மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளி நடத்துகின்றது. மராட்டிய மாநிலத்தில் தமிழில் ஏன் பாடம் சொல்லித் தர வேண்டும்? மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956-இல், ஏழாவது திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் 350-ஏ என்னும் விதி சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்பது அவ்விதி. அப்பள்ளியின் வாயிலில் அரசியலமைப்பின் ஒரு விதியே உயிரோடு நிற்கின்றது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறும் ஒரு பாடமே. 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாக்குரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, ஆற்றையும் சதுப்பு நிலத்தையும் சுருக்கியதன் பயனை நகரம் கண்டது. புவியியல், சுற்றுச்சூழல், பேரிடர் மேலாண்மை ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு நாள் விடை கூறும்.

நம்மில் பலருக்குச் சோறிடும் ரயில்வேயும் ஒரு நூலகமே. 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடியதைக் குழந்தைகளும் அறிவர். ஆக்வொர்த் குழுவின் பரிந்துரைப்படி 1924-இல் ரயில்வேயின் வரவு செலவு பொதுக் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டதையும், 2017-இல் மீண்டும் இணைக்கப்பட்டதையும் எத்தனை பேர் அறிவர்? ஏன் பிரித்தனர், ஏன் இணைத்தனர் என்று இரவு உணவின்போது ரயில்வேத் தந்தை தம் மகளிடம் பேசினால், அதுவே நல்லதொரு பொருளாதார வகுப்பு.

நடப்புச் செய்திக்கும் இதே வழிதான். ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தியது என்று செய்தி வருகின்றது. அவ்வங்கி 1935-இல் தொடங்கப்பட்டது, 1949-இல் தேசிய உடைமையானது என்பவை பழைய செய்திகள். 2016 முதல் வட்டியை அறுவர் குழு ஒன்று முடிவு செய்து வருகின்றது என்பது அரசமைப்புச் செய்தி. விலைவாசி ஏறினால் வட்டி ஏன் ஏறுகின்றது, நம் வீட்டுக் கடனின் மாதத் தவணை அதனால் ஏன் மாறுகின்றது என்பதே பொது அறிவு. நாளிதழில் நாளுக்கு மூன்று செய்திகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ‘ஏன், எப்போது முதல், யாருக்கு என்ன பயன்’ என்று மூன்று கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி விடை காணச் செய்யுங்கள். ஓராண்டில் ஆயிரம் செய்திகள் தாமே மனத்தில் பதியும்.

இனி நம் சங்கம் சிறப்பாகக் கருத வேண்டிய ஒன்று உண்டு. முதன்மைத் தேர்வில் இந்திய மொழித் தாள் ஒன்றும் ஆங்கிலத் தாள் ஒன்றும் தலைக்கு 300 மதிப்பெண்களுக்கு உள்ளன. அம்மதிப்பெண்கள் கூட்டலில் சேரா. ஆயினும் ஒவ்வொன்றிலும் 25 விழுக்காடு பெறாதவரின் ஏனைய தாள்கள் மதிப்பிடப்படுவதில்லை. நம் பிள்ளைகளின் நிலை என்ன? ஆங்கிலப் பள்ளியில் படிக்கின்றனர். தெருவில் இந்தி பேசுகின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். எந்த இந்திய மொழியிலும் ஒரு பக்கம் பிழையின்றி எழுதும் பழக்கம் பலருக்கு இல்லை. கட்டுரையும் சுருக்கி வரைதலும் மொழிபெயர்ப்பும் கேட்கும் அத்தாளில், பேச்சுத் தமிழ் கைகொடுக்காது. பொது அறிவில் கடல் போன்ற பிள்ளை மொழித் தாளில் கரை சேராது போவது எவ்வளவு பெரிய இழப்பு!

மற்றொரு புறம், தமிழைக் கற்ற பிள்ளைக்கு அதுவே ஊன்றுகோல். 1979 முதல் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசலாம். தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் கொள்ளலாம். ஆனால் முதனிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அச்சாகின்றது. தமிழ் சோறு போடுமா என்று கேட்போருக்கு இதைக் காட்டுங்கள். மராட்டியை வெறுக்கச் சொல்லவில்லை. வாழும் மண்ணின் மொழியையும் நன்கு கற்க வேண்டும். மாநிலத் தேர்வாணையத்தின் பணிகளுக்கு அது இன்றியமையாதது.

இறுதியாக, பெற்றோர்களுக்கு ஒரு சொல். ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் விண்ணப்பிக்கும் இத்தேர்வில் இடங்கள் ஏறத்தாழ ஓராயிரமே. பொதுப் பிரிவினருக்கு 32 வயதுக்குள் ஆறு முயற்சிகள். பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயதுக்குள் ஒன்பது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 37 வயது வரை முயற்சிக்கு வரம்பில்லை. ஒவ்வொரு முயற்சியும் ஏறக்குறைய ஓர் ஆண்டை விழுங்கும். ஆதலால் எத்தனை முயற்சி, எவ்வளவு செலவு என்பதைத் தொடக்கத்திலேயே வீட்டில் அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கடன் வாங்கிப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, அக்கடனை நாள்தோறும் பிள்ளைக்கு நினைவூட்டாதீர்கள். வெற்றி பெறாத பிள்ளையை விழாக்களில் கண்டால் “என்ன ஆயிற்று?” என்று பலர் முன்னிலையில் கேளாதீர்கள். அக்கேள்விக்கு அஞ்சியே சங்கத்திற்கு வராதிருக்கும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் கற்றது வீணன்று. வங்கித் தேர்விலும், தமிழிலேயே வினாத்தாள் பெறத்தக்க ரயில்வேத் தேர்விலும் அதே அறிவு துணை நிற்கும். மகனுக்கு ஆறு முயற்சி, மகளுக்கு ஒன்றோடு திருமணம் என்று கணக்கிடுவதும் முறையன்று. கமிஷன் இருவருக்கும் ஒரே வினாத்தாளைத்தான் கொடுக்கின்றது.

சங்கத்திற்கு நம் விண்ணப்பங்கள் மூன்று. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இம்மன்றத்தில் நாளிதழ் வாசித்து விவாதிக்க இடம் தர வேண்டும். கமிஷன் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடும் பழைய வினாத்தாள்களை அச்சிட்டு நூலகத்தில் வைக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கெனத் தமிழ் எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்று தொடங்க வேண்டும். இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டா. நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைச் சிறிது குறைத்துக்கொண்டால் போதும். அவர்களுள் ஒருவராக இருக்க நாம் இசைகின்றோம். உடன் வர விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்ல வேண்டுகின்றோம்.